ரெண்டு விரக்கடை பெட்ரோல்

மூக்கை முந்தானையால மூடாதீங்க அக்கா. பெட்ரோல்தான். பிணம் ஒண்ணும் கொண்டு வரல.

ஜன்னலை வேணும்னா திறந்துக்கோங்க, குளிருதுன்னு சாத்துனது நீங்கதான். குன்னூர் ஸ்டாண்டுல நான் ஏறும்போதே பார்த்தேன். சட்டுனு உங்க பையைத் தூக்கிப் பக்கத்து சீட்டுல வச்சீங்க, நான் உட்கார்ந்துடக் கூடாதுன்னு. நான் அதை எடுத்து உங்க மடியில வச்சிட்டு உட்கார்ந்தேன். முறைச்சீங்க. முறைங்க. நானும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறியிருக்கேன்.

இந்த மஞ்சப்பையில என்ன இருக்குன்னு கேக்கணும்னு உங்களுக்கு இருக்கு. கேக்க மாட்டீங்க. நானே சொல்லிடறேன், மேட்டுப்பாளையம் வரைக்கும் சும்மா எப்படி உட்கார்ந்திருக்கிறது? ரெண்டு கார்புரேட்டர். காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுற சாமான். இப்ப வர்ற கார்ல இதெல்லாம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும். இது அம்பத்தாறு வருசத்துக் காரோடது. ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, ரத்தச் சிவப்பு. பாம்பு மாதிரி தரையோட தரையா ஓடும். ஓடுனா.

அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க. காலையில இருந்து தொண்டையில எதுவும் இறங்கல. தூக்கித்தான் குடிப்பேன், வாய் வைக்க மாட்டேன், பயப்படாதீங்க.

த்தூ. என்னக்கா தண்ணி இது, பெட்ரோல் நாத்தம் அடிக்குது?

சரி சரி, கத்தாதீங்க. உங்க தண்ணி சுத்தம்தான். என் கைதான். ஒன்றரை வருசமா எதை மூக்குகிட்ட கொண்டு போனாலும் எனக்கு அந்த வாசம்தான். எங்கம்மா வைக்கிற மீன் குழம்புகூட பெட்ரோல் பங்க்ல வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கும். இந்தாங்க, மூடிட்டேன். முக்கால்வாசி காலி பண்ணிட்டேன், கோவிச்சுக்காதீங்க. கவிழ்த்துப் பாருங்க, ஒரு சொட்டு வராது. நான் எதை மூடினாலும் இறுக்கித்தான் மூடுவேன். ஒழுங்கா ஒரு மூடியை மூடத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்கே இல்ல.

கோயமுத்தூருக்குப் போறேன். அங்க கார்புரேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற ஒருத்தர் இருக்கார். இதைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "இதுல யாரோ வேணும்னே கை வச்சிருக்காங்க"ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அந்தக் காகிதம் கோஷி டாக்டர் கைக்குப் போயாகணும். கார் அவரோடது. காகிதத்தை எடுத்துக்கிட்டு அவர் நேரா போலீஸ் ஸ்டேஷன் போவார். யோகநாதன் உள்ளே போவான்.

யோகநாதன் யாரா? டாக்டரோட டிரைவர். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டிரைவர். இப்ப வெறும் திருடன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க, சின்னப் பொண்ணுக்கு வாய் நீளம்னா? ஆமா, நீளம். எனக்குப் பதினெட்டு முடிஞ்சுடுச்சு. பேரு திலோத்தமா. சிரிக்காதீங்க, நானா வச்சுக்கிட்ட பேரு இல்ல. பன்னெண்டாவது அரைப்பரீட்சையோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டேன். யாரும் துரத்தல. பிசிக்ஸ் மிஸ் போர்டு முழுக்க ஃபார்முலா எழுதுவாங்க. "இதை எதுல மிஸ் மாட்டணும்?"னு ஒரு நாள் கேட்டேன். வெளியே நில்லுன்னாங்க. நின்னேன். மறுநாளும் நிக்கச் சொன்னாங்க. மூணாம் நாள் அங்க நிக்கிறதுக்குப் பதிலா ஷவ்கத் பாய் ஒர்க்ஷாப்ல போய் நின்னேன். நிக்கிறதுதான் நிக்கிறோம், கையில ஒரு ஸ்பானராவது இருக்கட்டுமே.

பாய்க்கு முதல்ல பிடிக்கல. "பொம்பளைப் புள்ள, கஸ்டமர் என்ன நினைப்பான்"னார். "வண்டி ஓடினா ஒண்ணும் நினைக்க மாட்டான்"னேன். ஆறே மாசத்துல கார்புரேட்டர் வேலை முழுக்க என் பக்கம் வந்துடுச்சு. அவருக்குக் கண்ணு மங்கல். பெட்ரோல் பீச்சுற ஜெட்ல மயிரிழை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அது அவருக்குத் தெரியாது. அதை அவர் ஒத்துக்க மாட்டார். நான் சொல்லிடுவேன், கஸ்டமர் முன்னாடியே சொல்லிடுவேன். பொய் எனக்கு வராது அக்கா. என்கிட்ட இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் அதுதான்.

பின்னாடி யாரோ வாந்தி எடுக்கிறாங்க பாருங்க. மூணாவது வளைவுக்கே. வீட்டுல இருந்து வயித்தை நிரப்பிக்கிட்டு வந்து இங்க கொட்டுறது.

இந்தச் சிவப்பு வண்டி எங்ககிட்ட வந்தது பிப்ரவரியில. கோஷி டாக்டர் பல் டாக்டரா இருந்து ஓய்வு வாங்கினவர். கை நடுங்கும். அதனால யோகநாதன்தான் ஓட்டுவான். மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பழைய கார்களெல்லாம் குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு வரிசை கட்டிப் போகும், அதுல இது போயே ஆகணும்னார் டாக்டர். பாய் என்னைக் கை காட்டினார். டேங்கை இறக்கிக் கழுவினேன். பெட்ரோல் போற லைனைப் புதுசா போட்டேன். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பல் துலக்குற பிரஷ்ஷால தேய்ச்சுக் கோத்தேன்.

ஒரு நாள் டாக்டரோட சம்சாரம் சூசன் அம்மா வந்து சீட்டுல உட்கார்ந்தாங்க. உட்கார்ந்த வேகத்துல எழுந்துட்டாங்க. "பெட்ரோல் வாடை மண்டையைப் பிளக்குது, நான் இதுல வர மாட்டேன்"னுட்டாங்க. பார்த்தா, டேங்க் மூடி. வாஷர் செத்துப் போயிருந்துச்சு. அது பத்தாதுன்னு மூடியோட அடிவயித்துல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை வேற. அம்பத்தாறு வருசம் ஆச்சே, துரு தின்னிருக்கும். ஓட்டையில ஈயத்தை உருக்கி விட்டு அடைச்சேன். ரப்பர் ஷீட்டுல புது வாஷர் வெட்டிப் போட்டேன். முன்னாடி ஒவ்வொரு வளைவுலயும் பெட்ரோல் தெறிச்சுப் பெயின்ட்டை நாசம் பண்ணும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல. சூசன் அம்மா குனிஞ்சு மோந்து பார்த்துட்டு எனக்கு ஒரு துண்டு பிளம் கேக் குடுத்தாங்க. அந்த வண்டியில நான் பண்ணின இவ்வளவு வேலைக்கு நல்ல வார்த்தை கிடைச்சது அந்த ஒண்ணுக்குத்தான்.

வண்டியைக் குடுத்தோம். சனியன் ஆரம்பிச்சுது.

யோகநாதன் ஓட்டிட்டுப் போவான். எட்டுப் பத்து கிலோமீட்டர்ல நின்னுடும். போன் வரும். நான் பாயோட ஸ்கூட்டர்ல போவேன். எனக்கு ஒரு விதி உண்டு அக்கா. வண்டி நின்னுச்சுன்னா முதல்ல டேங்கைத் திற, குச்சியை விடு, பெட்ரோல் இருக்கான்னு உன் கண்ணால பார். அப்புறம்தான் மத்தது. இந்த வண்டியில பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு வேலை செய்யாது, அதனால குச்சிதான். எத்தனை பெரிய மெக்கானிக்கெல்லாம் இன்ஜினைப் பாதி கழட்டினதுக்கப்புறம் டேங்க் காலின்னு கண்டுபிடிச்சிருக்காங்க தெரியுமா? நான் அந்தக் கூட்டம் இல்ல.

மூடியைத் திறப்பேன். உஸ்னு ஒரு சத்தம் வரும். பழைய வண்டிக்கு ஆயிரம் சத்தம். குச்சியை விடுவேன், பெட்ரோல் இருக்கும். பின்னாடி கரண்ட்டுல ஓடுற பெட்ரோல் பம்ப் ஒண்ணு இருக்கு, அதை ஸ்பானர் கட்டையால ரெண்டு தட்டு தட்டுவேன். டக்டக்டக்னு அடிக்க ஆரம்பிச்சிடும். சாவியைத் திருப்பினா வண்டி உறுமும். நடந்து போறவங்கல்லாம் நின்னு பார்ப்பாங்க. பாய் இதைக் கைராசின்னார். நான் மூளைன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி நிக்கும். அவன் ஓட்டுனா நிக்கும். நான் ஒர்க்ஷாப்புல இருந்து சிம்ஸ் பார்க் வரைக்கும் போய்ட்டு வந்தா நிக்காது. புரியுதா உங்களுக்கு?

பாய்க்குப் புரியல. "சூட்டுல பைப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாகி அடைக்குது"ன்னு சொல்லி ஈரச் சாக்கைக் கொண்டு போய்ப் பம்ப் மேல போர்த்தினார். குளிர்ல நாம ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறோம், பம்ப்புக்கு வேர்க்குதாம். நான் முறையா பார்த்தேன். கார்புரேட்டர்ல வந்து சேர்ற பைப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு சுவிட்சைப் போட்டேன். தாரை தாரையா வந்துச்சு. ஃபில்டரை மாத்தினேன். கார்புரேட்டருக்குள்ள இருக்கிற மிதவையை மாத்தினேன், அது மூடுற ஊசியை மாத்தினேன். ஒவ்வொரு தடவையும் டேங்கைத் திறந்து அளந்துட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியா இருந்துச்சு. அப்ப கோளாறு வண்டியில இல்ல. ஓட்டுறவன்கிட்ட இருக்கு. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அவன்கிட்டயே கேட்டேன். "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்றே?"

நாப்பத்தஞ்சு வயசு ஆளை ஒருமையில பேசினா கோபம் வரணுமில்ல? வரல. பொறுமையா பதில் சொன்னான். எனக்கு அதுதான் ஆகாது. தப்புப் பண்ணாதவன் சத்தம் போடுவான். "சட்டுனு நிக்கல புள்ள. பெட்ரோல் தீர்ந்து நிக்கிறது எனக்குத் தெரியும், அது ரெண்டு குலுக்கல்ல நின்னுடும். இது அப்படி இல்ல. யாரோ கழுத்தைப் புடிச்ச மாதிரி திணறுது. மூச்சு வாங்க முடியாம நிக்குது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானா தெளியுது."

"ஓஹோ, காருக்கு ஆஸ்துமா. டாக்டர்கிட்ட சொல்லு, பல்லோட சேர்த்துப் பார்ப்பார்"னேன். ஒர்க்ஷாப்பே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். அதுவும் பிடிக்கல.

அவனோடது, தாத்தா காலத்துல இலங்கைக்குப் போய் அப்புறம் திரும்பி வந்த குடும்பம். டாக்டர் வீட்டுப் பின்னாடி ஒரு ரூம், அதுலதான் அவனும் அவன் பொண்டாட்டியும். இருபது வருசமா. டாக்டருக்கு அவன் மேல அப்படி ஒரு நம்பிக்கை. நம்பிக்கை வச்சா அளந்து பார்க்க மாட்டாங்க, அளந்து பார்க்கலேன்னா எடுப்பாங்க. நான் அளப்பேன்.

டிக்கியைத் திறந்து பார்த்தேன் ஒரு நாள். அவனைக் கேக்காமத்தான். ரப்பர் டியூப் ஒண்ணு, கை நீளம். டேங்குல இருந்து உறிஞ்சி எடுக்கிறதுக்குன்னே அளவெடுத்த மாதிரி. கேட்டா, "ரேடியேட்டருக்குக் குழாயில இருந்து தண்ணி விடுறதுக்கு"ன்னான். அதை என் மூக்குகிட்ட வச்சு மோந்தேன். பெட்ரோல் வாசம்! குப்புனு அடிச்சுது. அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "எனக்கு ரப்பர் வாசம்தான் வருது புள்ள"ன்னான். எவ்வளவு அழுத்தம் பாருங்க. என் மூக்கு பொய் சொல்லுதாம்.

அப்புறம் ஞாயித்துக்கிழமை.

சனிக்கிழமை சாயந்திரம் டேங்கை நிரப்பி, ஒர்க்ஷாப் சிமென்ட் தரையில வண்டியை நிறுத்தி, குச்சியை விட்டு, பெட்ரோல் எங்க நிக்குதோ அங்க பிளேடால கோடு போட்டு வச்சேன். யார்கிட்டயும் சொல்லல. பாய்கிட்டகூட சொல்லல. வண்டியை அவன் எடுத்துட்டுப் போனான்.

மறுநாள் இருபத்தஞ்சு முப்பது வண்டி. பூமாலை, பேண்டு, போட்டோ. சூசன் அம்மா தலையில துணி கட்டிக்கிட்டு முன்னாடி சீட்டுல. அவன் ஸ்டீரிங்குல, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. டாக்டர் வேற ஒரு சிநேகிதர் கார்ல பின்னாடி. வெலிங்டன் தாண்டி, அருவங்காடு ஏத்தத்துல, எதிர்பார்த்த மாதிரியே. திணறல். ரோட்டோரம் ஒதுக்கினான், இடது பக்கச் சக்கரம் ரெண்டும் ஓடைக்குள்ள இறங்கி வண்டி ஒருக்களிச்சுப் படுத்துடுச்சு. பின்னாடி வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சு அடிச்சுத் தாண்டிப் போகுது. ஒருத்தன் கையை ஆட்டிட்டே போறான், வழியனுப்புற மாதிரி. சூசன் அம்மா கண்ணுல தண்ணி.

நான் போய் இறங்கினேன். டேங்க் மூடி வலது பக்கம். திறந்தேன், உஸ், குச்சியை விட்டேன். எடுத்துப் பார்த்தா ஈரம் கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ நிக்குது. ரெண்டு விரல் அகலம், அக்கா! பத்து கிலோமீட்டர்கூட ஓடல. குச்சியைத் தூக்கி எல்லார் முன்னாடியும் காட்டினேன். "டாக்டர், நேத்து நான் கோடு போட்டு வச்சேன். ராத்திரி வண்டி யார் கையில இருந்துச்சு?"

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் குச்சியைப் பார்த்தான். "நான் எடுக்கலங்க"ன்னான். அவ்வளவுதான். நான் பம்ப்பை ரெண்டு தட்டு தட்டி, சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமுச்சு. கூட்டத்துல நாலு பேர் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் யாருக்கு என்ன சந்தேகம்? டாக்டர் கையை நீட்டினார். கை நடுங்குச்சு. அவன் சாவியைக் கழட்டி அந்த நடுங்குற கையில வச்சுட்டு, ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால விரலை மடக்கி விட்டான், கீழ விழுந்துடாம. அப்புறம் என்கிட்ட வந்து, "புள்ள, நீ கெட்டிக்காரி. ஆனா அந்த வண்டிக்கு இன்னும் மூச்சு முட்டுது, பார்த்துக்கோ"ன்னுட்டுக் குன்னூர் பக்கமா நடந்து போனான்.

மிரட்டுறான் பாருங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

நேத்து வேற ஆள் இல்லாம டாக்டரே ஓட்டிட்டுப் போனார், சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு. பக்கத்துல இருக்கிற பந்துமியைக்கூடத் தாண்டல. நின்னுடுச்சு. நான் போனேன். திறந்தேன், அளந்தேன், தட்டினேன், ஓடுச்சு. ஆனா இந்தத் தடவை டாக்டர் கை தட்டல. பாய் என்னைத் தனியா கூப்பிட்டார். "திருடனைத் துரத்தியாச்சு. பெட்ரோல் இருக்கு. அப்புறம் ஏன் நிக்குது? சொல்லு, மூளைக்காரி."

சொன்னேன். போறதுக்கு முன்னாடி கார்புரேட்டர்ல எதையோ போட்டுட்டுப் போயிருக்கான். மணலோ, சர்க்கரையோ. பழிவாங்கிட்டான். அதுதானே அர்த்தம்? வேற என்ன இருக்க முடியும்? எல்லாத்தையும் நான் பார்த்தாச்சே. பாய் தாடியைச் சொறிஞ்சார். "சரி. கோயமுத்தூர்ல எழுத்து வாங்கிட்டு வா. எழுத்து வந்தா அவன் உள்ளே. வரலேன்னா நீ வெளியே. என் ஒர்க்ஷாப்பு பேரைக் கெடுத்து ஒரு மனுஷன் பேரையும் கெடுத்துட்டு இங்க நிக்க முடியாது." அப்படியே சொன்னார். வெளியே நிக்கிறது எனக்குப் புதுசா என்ன.

காலையில டாக்டர் வீட்டு ஷெட்டுல இதுங்களைக் கழட்டினேன். உள்ளே இருட்டு. பல்பு கிடையாது. பல்லுல டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு நட்டைத் தேடுறேன், சட்டுனு பின்னாடி இருந்து வெளிச்சம். அவன். ரூமைக் காலி பண்ணிக்கிட்டிருந்தவன், பாதியில விட்டுட்டு வந்து டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் கை வைக்கிற இடத்துக்கெல்லாம் வெளிச்சம் முன்னாடியே போய் நிக்குது. அரை மணி நேரம். தன்னைப் பிடிச்சுக் குடுக்கப் போற சாமானைக் கழட்டுறதுக்கு டார்ச் பிடிக்கிறான்! திமிரா, இல்ல பயமா? எனக்கு விளங்கல. உங்களுக்கு விளங்குதா?

வாசல்ல அவன் பொண்டாட்டி சாமானைக் கட்டி வச்சிருந்தா. ரெண்டு மூட்டை, ஒரு மிக்ஸி, ஒரு சாமி படம். ஆறு மணிக்கு ஆட்டோ வரும்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தா. இருபது வருசத்துக்கு ரெண்டு மூட்டைதான். திருடினவன் கொஞ்சம் கூடச் சேர்த்து வச்சிருக்க மாட்டானான்னு நீங்க கேப்பீங்க. கேக்காதீங்க.

என்ன சத்தம் அது? டொக்குனு?

உங்க பாட்டிலா? என்னக்கா இது, யார் இதை இப்படி நசுக்கினது? விலாவெல்லாம் உள்ளே போய்... நான் மூடிக் குடுக்கும்போது குண்டா இருந்துச்சு. நீங்க மேல உட்காரலியே?

தானாவா? தானா எப்படி நசுங்கும்?

மலை இறங்குற ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகுமா? மேல மூடினா, கீழ வரவர ஒடுங்குமா? நீங்க வருசத்துக்கு நாலு தடவை பார்க்கிறீங்களா?

குடுங்க. குடுங்கக்கா, உடைச்சிட மாட்டேன்.

இறுக்கமா இருக்கு. நான்தானே மூடினேன். இருங்க.

உஸ்.

கேட்டீங்களா?

இல்ல, நீங்க கேட்டீங்களா இல்லியா? உஸ்னுச்சு. உடனே வயிறு டொப்புனு வெளியே வந்துச்சு. உள்ளே இருந்து ஒண்ணும் வெளியே வரல, வெளியே இருந்த காத்து உள்ளே போச்சு. காத்து உள்ளே போற சத்தம் அது.

கொஞ்சம் சும்மா இருங்க. பேசாதீங்க. நீங்க பேசலதான். சும்மா இருங்க.

பெட்ரோல் வெளியே போகணும்னா, போன இடத்துக்குக் காத்து உள்ளே வரணும். வரலேன்னா பம்ப் இழுக்கும், இழுக்கும், ஒரு அளவுக்கு மேல வராது. கழுத்தைப் பிடிச்ச மாதிரி. காத்து எது வழியா வரும்? மூடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்குமே, அது வழியா. துரு தின்ன ஓட்டை இல்ல. செஞ்சவனே போட்ட ஓட்டை. ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி அடைச்சது யாரு? வாஷர் வெட்டிப் போட்டு, காத்துகூடப் போகாதுன்னு பீத்திக்கிட்டது யாரு? கேக் தின்னது யாரு?

நான் போய் முதல் வேலையா மூடியைத் திறந்தேன். முதல் வேலையா அதைத்தான் செய்வேன். திறந்ததும் வண்டிக்கு மூச்சு வந்துடும். அப்புறம் நான் தட்டினா என்ன, ஊதினா என்ன, ஓடத்தான் செய்யும். சிம்ஸ் பார்க் வரைக்கும்னு நான் ஓட்டினதும் கொஞ்ச தூரம்தான், அதுக்குள்ள மூச்சு முட்டாது. அவன் திறக்க மாட்டான். டாக்டர் வீட்டுப் பெட்ரோல் டேங்கைத் தனியா திறந்தான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு திறக்கவே மாட்டான். பங்க்குல நிரப்பும்போதுகூடத் தள்ளி நிப்பான். நான் பார்த்திருக்கேன். பார்த்துட்டு, நடிக்கிறான்னு நினைச்சேன்.

ரெண்டு விரக்கடையா? சிமென்ட் தரையில அளந்து கோடு போட்டேன். ஓடையில சாய்ஞ்சு நின்ன வண்டியில குச்சியை விட்டேன். இடது பக்கம் பள்ளம், மூடி வலது பக்கம். இந்தப் பாட்டிலைச் சாய்ங்க, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. அந்தப் பக்கம். அவ்வளவுதான் திருட்டு.

டியூப்பு. டியூப்பைப் பத்திப் பேசாதீங்க. உங்க தண்ணியே எனக்கு பெட்ரோலா நாறுச்சு.

இதெல்லாம் ஏதோ ஒரு பாடத்துல வந்திருக்கும். நான் வெளியே நின்னுக்கிட்டிருந்திருப்பேன்.

எந்த இடம் இது? பர்லியாரா? டீக்கு நிறுத்துறானா?

பாருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். இது இப்ப உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் பேசாம கோயமுத்தூர் போய், அந்த ஆளு "ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு"ன்னு சொன்னாலும், "நானே சரி பண்ணிட்டேன்"னு திரும்பி வந்து, யாரும் பார்க்காதப்ப மூடியில ஒரு ஊசியை விட்டுக் குத்திட்டா முடிஞ்சுது. வண்டி ஜென்மத்துக்கும் நிக்காது. திருடன் போனான், வண்டி சரியாச்சுன்னு ஊரே சொல்லும். பாய் கைராசின்னு சொல்வார். சூசன் அம்மா இன்னொரு கேக் குடுப்பாங்க. நீங்க மேட்டுப்பாளையத்துல இறங்கிப் போயிடுவீங்க, உங்களுக்கு என் பேரு மட்டும்தான் தெரியும், அதுக்கும் சிரிச்சுட்டீங்க.

ஆமா, யோசிச்சேன். இந்த வளைவுல இருந்து அந்த வளைவு வரைக்கும் யோசிச்சேன். யோசிச்சதையும் சொல்லிட்டேன்.

காலை நகர்த்துங்க, நான் இறங்கறேன்.

போன்ல சொன்னா என்னவா? என்னன்னு சொல்றது? "ஓட்டையை நான்தான் அடைச்சேன்"னு சொன்னா, பாய் பாதியிலயே கட் பண்ணிடுவார். டாக்டர் "நீ வா, பேசிக்கலாம்"பார். பேசிக்கிட்டே இருந்தா ஆறு மணி ஆட்டோ வந்துடும். மூடியைக் கையில பிடிச்சுக் காட்டணும். பத்து கிலோமீட்டர் ஓட்டி, நிக்க வச்சு, திறந்து, அந்த உஸ்ஸை எல்லார் காதுலயும் போடணும். அருவங்காட்டுல எத்தனை பேர் நின்னாங்களோ அத்தனை பேர் காதுலயும்னு சொல்ல முடியாது. இருக்கிறவங்க காதுல.

அப்புறம் பாய் என்னைத் துரத்துவார். துரத்தட்டும். நான் அவர் இடத்துல இருந்தா துரத்துவேன்.

மன்னிப்பா? மன்னிப்பெல்லாம் எனக்கு வராதுக்கா, பழக்கமில்ல. இந்தப் பாட்டிலை நான் எடுத்துக்கறேன், தண்ணியை நீங்க கீழ வாங்கிக்கோங்க. பாய்க்குக் காட்டணும், அவர் கண்ணுக்கு ஜெட் ஓட்டை தெரியாது, இது தெரியும். மேல போற பஸ் கை காட்டினா இங்க நிப்பாட்டுவான்ல? மணி பதினொண்ணுகூட ஆகல. பன்னெண்டரைக்குள்ள போயிடலாம். போனதும் இது ரெண்டையும் திரும்ப மாட்டணும், இல்லாம வண்டி எப்படி ஓடும். மாட்டுறது கழட்டுற மாதிரி இல்ல, எட்டு நட்டு, எல்லாம் பின்பக்கம், கை நுழையாது, கண்ணுக்கும் தெரியாது. அந்த ஷெட்டுல பட்டப்பகல்லயும் இருட்டு.

டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும். அவரு மறுபடி பிடிப்பாரான்னு தெரியல.